என் முதுகுக்குப் பின்னால் ஒரு கூத்து

"ம்ம்மே... ம்ம்மே... இங்க பாருடா தங்கம், ஆட்டுக்குட்டி எங்க இருக்குன்னு பாரு..."

நாற்பது வருஷத்துக்கும் மேலாகக் குழந்தைகளைப் படம் எடுத்தவன் நான். இந்தக் குரலைக் கேட்காமல் ஒரு வாரம் போனதில்லை. எப்போதும் என் முதுகுக்குப் பின்னாலிருந்துதான் வரும். கத்துகிறவர் பூட்டுப் பட்டறை முதலாளியாக இருப்பார், அல்லது ஆபீஸில் எல்லோரையும் நடுங்க வைக்கிற அதிகாரியாக இருப்பார். பக்கத்தில் ஒரு அம்மாச்சி கைதட்டுவார், அத்தை சாவிக்கொத்தை ஆட்டுவார், சித்தப்பா உதட்டைக் குவித்து "ப்ர்ர்ர்" என்று பஸ் ஓட்டுவார். மேஜைமேல் குப்புறக் கிடக்கிற ஐந்து மாசப் பிள்ளை இத்தனையையும் பார்த்து, எச்சில் ஒழுக, பல்லில்லாத வாயைத் திறக்கும். நான் பட்டனை அழுத்துவேன்.

அந்தப் படத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டுவார்கள். பிள்ளை வளர்ந்து, அதற்கொரு பிள்ளை பிறந்த பிறகும் அது மாட்டின இடத்திலேயே இருக்கும். வருகிறவர்கள் எல்லாம் "எப்படிச் சிரிக்குது பாரு" என்பார்கள். எதைப் பார்த்துச் சிரித்தது என்பது படத்தில் இருக்காது. அந்தக் கூத்தைக் கேட்டவன் நான். ரொம்ப நாள் வரை கேட்டதோடு சரி, பார்த்ததில்லை. ஏன் பார்க்கவில்லை என்பதற்கு என் கேமராவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

1977-இல் திண்டுக்கல் மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் மாடியில் இருந்த ஒரு ஸ்டுடியோவில் எடுபிடியாகச் சேர்ந்தேன். தட்டு கழுவுவது, பிரிண்டைக் காயப்போடுவது, டீ வாங்கி வருவது, வாடிக்கையாளர் தலை வார எண்ணெய்ச் சீப்பை எடுத்துக் கொடுப்பது. ஏழு வருஷம் கழித்து, 1984-இல், சொந்தமாக ஒரு கடை வைத்தேன். அப்போது திண்டுக்கல் மதுரை மாவட்டத்தில் இருந்தது. மறுவருஷம் செப்டம்பரில் தனி மாவட்டமானது. புது ஆபீஸ்கள் வந்தன, வெளியூரிலிருந்து மாற்றலாகிக் குடும்பங்கள் வந்தன. பிள்ளையை மடியில் வைத்து ஒரு படம் எடுத்து, ஊரில் இருக்கிற பெரியவர்களுக்குத் தபாலில் அனுப்புவது அவர்கள் வழக்கம். என் கடை நிலைத்தது அந்தத் தபால் படங்களால்தான்.

கேமரா யாஷிகா மேட் 124 ஜி. முன்னால் இரண்டு கண்ணாடி வைத்த பெட்டி. கழுத்தில் மாட்டி, வயிற்றுக்கு நேரே பிடித்து, தலையைக் குனிந்து மேலிருந்து பார்க்க வேண்டும். உள்ளே இருக்கிற தேய்த்த கண்ணாடியில் உருவம் இடவலம் மாறித் தெரியும். நிற்கிற ஆளுக்கு இதனால் ஒன்றும் இல்லை. தவழ்கிற பிள்ளைக்கு? அது வலப்பக்கம் போனால் கண்ணாடியில் இடப்பக்கம் போகும். கண் சொல்வதைக் கேட்டுக் கேமராவைத் திருப்பினால் பிள்ளை தப்பித்துவிடும். கண் ஒரு பக்கம் சொல்ல, கை மறுபக்கம் போகப் பழகுவதற்கு எனக்கு ஒரு வருஷம் ஆனது. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம். ஊட்டியில் 1967-இலிருந்து தயாரான இந்து ஃபிலிமோ, கிழக்கு ஜெர்மனியின் ஆர்வோவோ, எது கிடைக்கிறதோ அது. பன்னிரண்டில் ஒன்று வீணானாலும் மனசு அடித்துக்கொள்ளும். அதனால் பிள்ளை இருக்கும்வரை தலை நிமிரவே மாட்டேன். பின்னால் நடப்பது காதோடு சரி.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அண்ணன் அதிகம் பேசமாட்டார். பேசிய ஒன்றிரண்டில் ஒன்று இது: "பிள்ளைய நீ சிரிக்க வைக்க முடியாதுடா. அது தெரிஞ்ச முகத்தப் பாத்துத்தான் சிரிக்கும். நீ தெரியாத முகம். அந்தத் தெரிஞ்ச முகத்த எங்க நிறுத்தணும்னு மட்டும் பாரு." லென்ஸுக்கு ஒரு சாண் மேலே அம்மாவின் முகம் இருந்தால் பிள்ளையின் கண் தூக்கி, நெற்றி விரிந்து, முகம் மலரும். அதுவே பக்கவாட்டில் போனால் வெள்ளை விழி மட்டும் தெரியும். எந்தக் கிலுகிலுப்பையும் அம்மா முகத்துக்கு ஈடாகாது. கிலுகிலுப்பையைக் காட்டினால் பிள்ளை கேட்பது கிலுகிலுப்பையை. கொடுக்காவிட்டால் அழும், கொடுத்தால் வாயில் வைக்கும்.

வயசுக்கணக்கும் அவர் சொன்னதுதான். இரண்டு மாசத்துக்கு முன்னால் கொண்டு வந்தால், "இன்னும் கொஞ்சம் முகம் தெரியட்டும்மா" என்று திருப்பி அனுப்புவார். அதற்கு முன் தூக்கத்தில் வருகிற சிரிப்புதான், நரி விரட்டுது என்று வீட்டில் சொல்வார்களே, அது. ஐந்தாம் மாசம் தங்கமான மாசம். குப்புற விழுந்து, கையை ஊன்றித் தலையைத் தூக்கி, தான் செய்த காரியத்தைத் தானே நம்பாமல் சுற்றிப் பார்க்கிற முகம் வேறு எந்த வயசிலும் வராது. எட்டு ஒன்பதாம் மாசம் கொண்டு வந்தால் என்னைக் கண்டதும் உதடு பிதுங்கும். வேற்றுமுகம் தெரிகிற பருவம் அது. அந்தப் பிள்ளைகளுக்கு நான் முதல் பத்து நிமிஷம் முகத்தையே காட்டமாட்டேன். முதுகைக் காட்டிக்கொண்டு லைட்டைத் துடைப்பேன். கொஞ்ச நேரத்தில், "இந்த ஆள் யாரு, நம்மைப் பாக்கவே மாட்டேங்குறாரே" என்று அதுவாகவே எட்டிப் பார்க்கும்.

மூன்று வயசுக்கு மேல் ஆள் பேச ஆரம்பித்துவிடும். அவர்களை நான் கேமராவின் மேல்மூடி வழியாகப் பார்க்க விடுவேன். ஸ்டூலில் ஏற்றி நிறுத்தினால், உள்ளே எதிரே நிற்கிற அம்மா தபால் தலை மாதிரி சின்னதாகத் தெரிவார். ஒரு பையன் அதை ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு அப்பாவின் கையைப் பிடித்து, "அம்மா பொட்டிக்குள்ள போயிருச்சு. பொட்டியத் தூக்கிட்டு வீட்டுக்குப் போலாம்" என்றான். இன்னொருத்திக்கு நாலு வயசு இருக்கும். "ஆடாம அசையாம நிக்கணும்" என்று அப்பா சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு மூச்சையும் நிறுத்திவிட்டாள். கன்னம் உப்பி, முகம் சிவந்து நிற்கிறாள். 'கிளிக்' சத்தம் கேட்டதும், வாயைத் திறக்காமல், கண்ணாலேயே என்னைக் கேட்டாள். "விட்டுக்கலாம்மா" என்றேன். ஒரு பெருமூச்சு வந்தது பாருங்கள், எதிரே இருந்த பொய்ப்பூ ஜாடி ஆடியது.

திண்டுக்கல்லுக்கும் பழநிக்கும் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். பழநியில் முடியிறக்கிவிட்டுத் திரும்புகிற குடும்பங்கள் திண்டுக்கல்லில் பஸ் மாறும். கையில் பஞ்சாமிர்த டப்பா, தோளில் சந்தனம் பூசின மொட்டை, எல்லோர் முகத்திலும் மலையேறி இறங்கின அசதி. அடுத்த பஸ்ஸுக்கு நேரம் இருந்தால் "மொட்டையோட ஒரு படம் எடுத்திருவமே" என்று மாடியேறி வருவார்கள். சந்தனம் ஈரமாக இருந்தால் லைட் பட்டுப் பளீரென்று அடிக்கும், அதனால் ஃபேனுக்குக் கீழே ஐந்து நிமிஷம் உட்கார வைத்துக் காயவிட்டுத்தான் எடுப்பேன்.

அப்படி ஒரு தைப்பூசத்துக்கு அடுத்த நாள் வந்த குடும்பத்தை மறக்க முடியாது. பிள்ளைக்கு ஒன்றரை வயசு. அவனுக்கு மொட்டை, அவன் அப்பாவுக்கும் மொட்டை. அப்பா வேண்டுதலுக்காக மீசையையும் எடுத்திருந்தார். விஷயம் என்னவென்றால், முடியிறக்கிக் குளித்ததிலிருந்து அந்தப் பிள்ளை அப்பாவிடம் போகவே இல்லை. அப்பா கிட்டே வந்தால் வீறிட்டு அழுகிறான். பஸ்ஸில் இரண்டு மணி நேரமும் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டே வந்திருக்கிறான். அந்த அப்பாவுக்கு முகம் செத்துப்போயிருந்தது. "காலையில வரைக்கும் என் மேலயேதாங்க கெடந்தான்" என்று என்னிடம் நியாயம் கேட்பது போலச் சொன்னார்.

அப்பா மடியில் பிள்ளை இருக்கிற மாதிரி படம் வேண்டும், அதற்குத்தான் வந்திருக்கிறார்கள். எனக்கு அண்ணன் சொன்ன தெரிஞ்ச முகம் ஞாபகம் வந்தது. முகம் மாறிவிட்டது. மாறாதது என்ன இருக்கிறது? லைட்டை எல்லாம் அணைக்கச் சொன்னேன். மாடியறை, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. நல்ல இருட்டு. "இப்ப பேசுங்க" என்றேன். "என்ன பேச?" என்றார். "வீட்ல தூங்க வைக்கையில என்ன பேசுவீங்களோ அத."

கொஞ்சம் கூச்சப்பட்டார். பிறகு இருட்டில் ஒரு லாரி கிளம்பியது. கியர் மாற்றி, மேடேறி, ஹாரன் அடித்து, ஒட்டன்சத்திரத்தில் தக்காளி ஏற்றி, எதிரே மாடு வந்து பிரேக் போட்டது. வீட்டில் தினமும் ஓடுகிற லாரி போலிருக்கிறது. மாடு வந்த இடத்தில் அம்மாவின் தோளிலிருந்து ஒரு சின்னக் குரல், "ம்மா... போ!" என்று மாட்டை விரட்டியது. கொஞ்ச நேரத்தில், "ப்பா?"

நான் ஒரே ஒரு லைட்டை மட்டும் போட்டேன். பிள்ளை அப்பாவின் மடியில் இருந்தான். எப்போது போனான் என்று தெரியவில்லை. அப்பாவின் மண்டையை ஒரு கையால் தடவுகிறான். பிறகு தன் மண்டையைத் தடவுகிறான். மறுபடி அப்பாவுடையது, மறுபடி தன்னுடையது. கையில் சந்தனம் ஒட்டுவதை முகர்ந்து பார்க்கிறான். இரண்டும் ஒன்று என்று உறுதியானதும் அப்பாவின் மண்டையில் 'பட்' என்று ஓர் அடி வைத்துவிட்டுச் சிரித்தான் பாருங்கள். மூன்று படம் எடுத்தேன். ஒரு படத்துக்கு மட்டும்தான் காசு வாங்கினேன்.

பாட்டிமார்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கணக்கு நேராகாது. "போட்டோ புடிச்சா ஆயுசு குறையும்" என்று சொல்லி, ஒரு வயசு வரை பிள்ளையைக் கொண்டுவர விடாத அப்பத்தாக்கள் அன்றைக்கு நிறைய உண்டு. நான் அவர்களோடு வாதாடியதே இல்லை. பிள்ளைமேல் இருக்கிற பயம் அது, அதற்கு மரியாதை உண்டு. அப்படி ஒரு அப்பத்தா ஒருவழியாகச் சம்மதித்து, கன்னத்தில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குத் திருஷ்டிப் பொட்டு வைத்துப் பேரனைத் தூக்கி வந்தார். படம் நன்றாக விழுந்தது. கறுப்பு வெள்ளையில் அந்தப் பொட்டு மட்டும் கன்னத்தில் ஓட்டை போட்டது போல நின்றது. நெகட்டிவில் மீடியம் தடவி, ஊசி மாதிரி சீவின பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்து, பொட்டு இருந்த சுவடே தெரியாமல் நிரப்பினேன். ஒரு மணி நேர வேலை. டச்சிங்கில் நான் செய்த நல்ல வேலைகளில் ஒன்று என்று இன்றைக்கும் சொல்வேன்.

அப்பத்தா கவரைப் பிரித்துப் பார்த்தார். "பொட்டு எங்கய்யா?"

"எடுத்துட்டேன் ஆத்தா. பிள்ள முகம் எடுப்பா இருக்கட்டுமேன்னு."

"நல்லா எடுத்த போ! வீட்டுல இருக்கப்பவாவது நாலு பேருதான் பாப்பாக. செவுத்துல மாட்டுனா ஊரே பாக்குமே, அப்பத்தான வேணும் பொட்டு?"

பதில் சொல்ல முடியாத நியாயம். பிரஷ்ஷை எடுத்து, பிரிண்டின்மேலேயே அதே கன்னத்தில் பொட்டு வைத்தேன். "இன்னுங் கொஞ்சம் பெருசா" என்று பக்கத்தில் நின்று அளவு சொன்னார். அதன் பிறகு எந்தப் பிள்ளையின் பொட்டையும் நான் தொட்டதில்லை.

இனி, அந்தக் கூத்தை எனக்கு முதலில் காட்டிக்கொடுத்த ஒரு கண்ணாடி விஷயம்.

சித்திரை வந்தால் பூச்சடைக் காலம். நிலக்கோட்டைப் பக்கத்து மல்லி கொட்டிக் கிடக்கும், விலை இறங்கும், வீட்டுக்கு வீடு பெண் பிள்ளைகளுக்குப் பூத் தைப்பார்கள். வாழைப்பட்டையில் மொட்டு மொட்டாகக் கோத்து, அதைச் சடையோடு சேர்த்து ஊசி நூலால் தைக்க வேண்டும். பிள்ளை இரண்டு மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும். தைத்து முடித்து, நெத்திச்சுட்டி, ராக்கொடி, பட்டுப்பாவாடை என்று சோடித்து, பூ வாடுவதற்குள் ஸ்டுடியோவுக்கு ஓடி வருவார்கள். முகமும் தெரிய வேண்டும், முதுகில் தொங்குகிற சடையும் தெரிய வேண்டும். அதற்குத்தான் ஆளுயரக் கண்ணாடி. பிள்ளை என்னைப் பார்த்து நிற்கும், பின்னால் சாய்த்து வைத்த கண்ணாடியில் சடை நுனி வரை விழும்.

தமிழ்நாட்டில் பாதி வீடுகளில் இந்தப் படம் இருக்கும். அந்தக் கண்ணாடியை நிறுத்துவதில்தான் தொழில் இருக்கிறது. கோணம் இம்மி பிசகினால் நானும் என் லைட்டும் உள்ளே தெரிவோம். எதிர்ப்பக்கம் கறுப்புத் திரை கட்டி, அது மட்டும் கண்ணாடியில் விழுகிற மாதிரி வைத்தால் சடைக்குப் பின்னால் நல்ல இருட்டு கிடைக்கும், மல்லி பளிச்சென்று எழும். திரை முடிகிற இடத்தில் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருப்பேன். கூட வந்தவர்கள் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கண்ணாடியில் விழுந்துவிடுவார்கள்.

1986 சித்திரையில் ஒரு குடும்பம் வந்தது. அப்பா மாற்றலாகி வந்த உத்தியோகஸ்தர். அம்மா, ஐந்து வயசுப் பெண், கூடவே அம்மாவைப் பெற்ற தாத்தா. ஓய்வுபெற்ற தமிழாசிரியர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் மடிப்புக் கலையாத துண்டு. மாடிப்படி ஏறும்போதே "செருப்பை வரிசையா விடு" என்று மருமகனுக்கே சொன்னவர். என் கடை போர்டில் ஒற்றுப் பிழை இருப்பதைச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார். சாக்பீஸ் கோட்டை நான் காட்டியபோது, வாழ்நாள் முழுக்கச் சாக்பீஸோடு இருந்தவர் அல்லவா, கோட்டை ஒட்டி நேராக வந்து நின்றுகொண்டார்.

பெண்ணுக்குக் கடுங்கோபம். காலை ஏழு மணியிலிருந்து பூத் தைத்திருக்கிறார்கள். கழுத்தைத் திருப்ப முடியவில்லை, தலை பின்னால் இழுக்கிறது. அம்மா கெஞ்சினாள், அப்பா மிட்டாய் காட்டினார், நான் பஞ்சு முயலைக் காட்டினேன். அவள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "எனக்குப் போதும். மீதிப் பூவை அம்மாவுக்கு வச்சு விடுங்க" என்றாள். உதடு நடுங்குகிறது. அழுதால் மை கரையும், மை கரைந்தால் மறுபடி முகம் கழுவி, பவுடர் போட்டு, அதற்குள் பூ வாடிவிடும். நான் தலையைக் குனிந்தபடி விரலைப் பட்டனில் வைத்துக் காத்திருந்தேன்.

சட்டென்று அவள் முகம் மாறியது. கண் அகலமானது, வாய் ஒரு நொடி பிளந்து நின்றது, அடுத்த நொடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அழுத்தினேன். நிமிர்ந்து திரும்பிப் பார்த்தால் அம்மாவும் அப்பாவும் பிள்ளை சிரித்த ஆச்சரியத்தில் அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தாத்தா கையைக் கட்டிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று ராத்திரி டார்க் ரூமில் உட்கார்ந்தேன். சிவப்பு விளக்கு, மூன்று தட்டு, டெவலப்பரின் வாடை. காகிதத்தை உள்ளே நழுவவிட்டுத் தட்டை ஒரு பக்கமாக மெல்ல ஆட்டுவேன். எத்தனை வருஷம் பார்த்தாலும் அலுக்காத காட்சி அது. முதலில் கறுப்பெல்லாம் வரும். பிள்ளையின் கண், முடி, பின்னால் இருக்கிற திரை. பிறகு கன்னம், பாவாடை மடிப்பு. மல்லிகை மட்டும் வராது. சுற்றிலும் எல்லாம் கறுத்து வர, காகிதத்தின் வெள்ளை அப்படியே மிஞ்சி நின்று பூவாகும். அன்றைக்கும் அப்படித்தான் சடை எழுந்தது. சடைக்கு நாலு விரல் தள்ளி, கண்ணாடியின் ஓரத்தில், பூ இருக்கக் கூடாத இடத்தில் இன்னொரு வெள்ளை மிஞ்சி நின்றது.

குனிந்து பார்த்தேன். ஒரு துண்டு. தலையைச் சுற்றிக் கட்டி, இரண்டு முனையும் முயல் காது மாதிரி மேலே நிற்கிறது. அதற்குக் கீழே மெல்ல மெல்லக் கறுப்பேறி வந்தது ஒரு முகம். இரண்டு கட்டைவிரலும் காதில், மீதி விரலெல்லாம் விரிந்து, நாக்கு முழு நீளத்துக்கு வெளியே, கண் இரண்டும் மூக்கைப் பார்த்துச் செருகி. சாக்பீஸ் கோட்டை ஒன்றரை அடி தாண்டியிருந்தார் ஐயா.

அந்தச் சின்ன இருட்டறையில் தனியாக உட்கார்ந்து அப்படிச் சிரித்தது நான் ஒருவனாகத்தான் இருக்கும். சிரித்து முடித்து, படத்தைக் கழுவி உலர்த்தி, ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளையும், அது எதைப் பார்த்துச் சிரித்தது என்பதும் ஒரே காகிதத்தில் இருக்கிற படத்தை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய பிரிண்டில் கண்ணாடியின் ஓரத்தை வெட்டிவிட்டுச் சடை மட்டும் வருகிற மாதிரி போட்டேன். வாங்க வந்தவர் அவரேதான். கவரைக் கொடுத்துவிட்டு, கடையில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து, முழுப் படத்தை எடுத்து மேஜையில் வைத்தேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டார். கழற்றினார். துடைத்துப் போட்டார்.

"இத யாரும் பாத்தாங்களா?"

"இல்லைங்கய்யா. நான் மட்டுந்தான்."

"வீட்ல தெரிய வேண்டாம், தம்பி. எங்கிட்டப் படிச்ச பயலுக இன்னிக்கும் என்னப் பாத்தா சைக்கிளை விட்டு இறங்குறான்."

"சரிங்கய்யா."

படத்தை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்தார். படியில் பாதி தூரம் இறங்கும் சத்தம் கேட்டது. சத்தம் நின்றது. மறுபடி ஏறி வந்தார்.

"சட்டைப் பையில வைக்கிற அளவுக்கு ஒண்ணு போட முடியுமா?"

போட்டேன். அதை வாங்க வந்த அன்று அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினார். பிள்ளைகளின் வயசுக்கணக்கை நான் சொல்லச் சொல்ல அவருக்கு ஆச்சரியம். "இதத்தானய்யா பிள்ளைத்தமிழ்ல பருவம்னு வச்சிருக்கான்" என்றார். ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி, இரண்டு கையையும் ஊன்றி, தலை நிமிர்ந்து முகத்தை ஆட்டுவது செங்கீரை, அது ஐந்தாம் மாதம். கைகொட்டுவது சப்பாணி, அது ஒன்பதாம் மாதம். ஒரு வயசை ஒட்டி நடந்து வா என்று கூப்பிடுவது வருகை. அதற்கு மேல் நிலாவைக் காட்டி விளையாடக் கூப்பிடுகிற அம்புலி. குமரகுருபரர் மீனாட்சியையே இப்படிக் குழந்தையாக்கித்தான் பாடினார் என்றார். "பாட்டுல பிள்ளையோட அழகு எல்லாம் இருக்கும். பாடுறவன் எப்படி நின்னு கூப்பிட்டான்னு மட்டும் இருக்காது" என்று சொல்லி, சட்டைப் பையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். எனக்கு அதைவிட நல்ல பாடம் யாரும் நடத்தியதில்லை.

அதிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. பிள்ளையின் படம் நன்றாக விழுந்தது என்று தெரிந்ததும், ரோலில் மிச்சம் இருந்தால், கேமராவோடு அப்படியே திரும்புவேன். கூத்து அடங்குவதற்கு ஒரு நொடி ஆகும். அந்த ஒரு நொடிக்குள் ஒரு படம். போலீஸ் உடுப்பில் வாயைக் குவித்துக் குருவியாகக் கூவுகிற ஏட்டு. சீப்பை மீசையாக வைத்துக்கொண்ட அத்தை. குக்கர் விசில் அடிக்கிற மாமனார், அவர் வாயைப் பொத்துகிற மாமியார். முதல் பிரசவத்தில் ரொம்பக் கஷ்டப்பட்டு, இன்னும் முகத்தில் ரத்தம் ஊறாத ஒரு பெண், குழந்தைக்காகக் கன்னத்தை உப்பி ஊதினபோது அவளே குழந்தை மாதிரி இருந்தாள். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அவள் அம்மா, "இவ சிரிச்சு நாலு மாசம் ஆச்சுய்யா" என்று இரண்டு காப்பி வாங்கிப் போனார்.

எல்லோருக்கும் முதலில் வெட்கம் வரும். "அய்யய்யோ, இத எப்ப எடுத்தீங்க?" என்பார்கள். வேண்டாம் என்று போனவர்கள் மிகவும் குறைவு.

2005-இல் டிஜிட்டல் கேமரா வாங்கினோம். எண்ணி எண்ணி எடுக்க வேண்டியதில்லை, நிமிர்ந்தே எடுக்கலாம். இப்போது கடையை மகன் பார்க்கிறான். பச்சைக் குழந்தையைத் துணியில் சுற்றிக் கூடைக்குள் வைத்து எடுக்கிற படங்கள் இப்போது நிறைய வருகின்றன. கழுத்து நிற்காத பிள்ளையை வளைத்து வைப்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்வதில்லை, மகனிடம் அதைக் கறாராகச் சொல்லியிருக்கிறேன். பெரிய மாற்றம் என் முதுகுக்குப் பின்னால்தான். இப்போதெல்லாம் அங்கே அவ்வளவு சத்தம் இல்லை. அப்பா, அம்மா, சித்தி மூன்று பேரும் ஆளுக்கொரு செல்போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பிள்ளை தேடுகிறது. தெரிஞ்ச முகம் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று கறுப்புப் பலகை. "போனைக் கொஞ்சம் பையில வைங்க, பிள்ளைக்கு உங்க முகம் வேணும்" என்று நான் சொல்லாத நாள் இல்லை. சொன்னதும் வைத்துவிடுகிறார்கள். வைத்த அரை நிமிஷத்தில் யாராவது ஒருவர் ஆடாகிவிடுகிறார். அது இன்னும் போகவில்லை. அதைப் பார்க்கத்தான் சாயங்காலம் கடைக்கு வந்து உட்கார்கிறேன்.

மகன் வயிற்றுப் பேரனுக்கு இரண்டரை வயசு. பிறந்ததிலிருந்து கடையிலேயே வளர்கிறவன். போன வாரம் காலி பேட்டரி டப்பா ஒன்றை எடுத்துக் கழுத்தில் கயிறு கட்டி மாட்டிக்கொண்டான். என்னையும் அவன் அப்பத்தாவையும் சோபாவில் உட்கார வைத்து, "ஆடக் கூடாது" என்றான். டப்பாவைக் கண்ணுக்கு நேரே பிடித்தான். நாங்கள் கிளிக் சத்தத்துக்குக் காத்திருந்தோம்.

"ம்ம்மே...!" என்று கத்தினான்.

அவனுக்குத் தெரிந்தவரை படம் எடுப்பது என்றால் அதுதான். அப்பத்தா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அவன் டப்பாவைக் கீழே இறக்கி என்னை உற்றுப் பார்த்தான்.

"தாத்தா சிரிக்கல. மறுபடியும்."

இந்தத் தடவை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, பக்கத்து வீடு வரை கேட்கிற மாதிரி கத்தினான்.